மீன் தின்னாத நாட்கள்

எனக்கு மீன் வெடுக்கு, அந்த நாற்றம், ஒத்துவராது, ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில் வயல் செய்கிற சைவக் குடும்பம் எங்களுடையது. வீட்டில் மச்சம் சமைத்ததே இல்லை. முட்டைகூடப் படலையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ஆகவே மன்னார்க் கடைக்கு முகாமையாளராக வந்த அன்று நான் முதலில் வாங்கியது சவர்க்காரம்தான். கடைக்குச் சாமான் ஏற்றும் வானிலும் ஒரு கலன் தண்ணீரும் சவர்க்காரமும் எப்போதும் இருக்கும். கை கழுவாமல் நான் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் கடைதான்.

எங்கள் நிறுவனம் மலேசியாவில் பெரிய நிறுவனம். அங்கே எந்தச் சந்தியில் இறங்கினாலும் அவர்களுடைய பச்சைப் பலகை தெரியும். இலங்கைக்கு வந்து கொழும்பில் இரண்டு கடை போட்டார்கள். மூன்றாவதை மன்னாரில் போட்டது, இந்தியாவுக்குக் கப்பல் ஓடும், பாலம் வரும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்ததால். கப்பலும் வரவில்லை, பாலமும் வரவில்லை. கடை மட்டும் வந்தது. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, வெள்ளைத் தரை. அந்தத் தரையைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இந்த ஊரில் கால் வைக்கக் கூசாத ஒரே இடம் அதுதான்.

கடையின் முதுகெலும்பு உறையவைத்த கோழி. அதை ஒருவரும் வாங்கவில்லை.

காரணங்களை எழுதி அனுப்பு என்றது தலைமையகம். வெளிக் காரணிகள், பண்பாட்டுக் காரணிகள் என்று இரண்டாகப் பிரிக்கவும் சொன்னது. வெளிக் காரணிகளை எழுதுவது சுலபம்: டொலர் விலை, இறக்குமதி வரி, மின்வெட்டு. பண்பாடு என்றால் மனிதர்களைப் பற்றி எழுத வேண்டும். எழுதினேன். பேசாலைக் கத்தோலிக்கச் சனம் இரண்டு நேரமும் மீன் தின்னும். தவக்காலத்தில் இறைச்சியை விடும், மீனை விடாது. எருக்கலம்பிட்டியிலிருந்து வருகிற முஸ்லிம்கள் கோழியை அறுத்தது யார் என்று கேட்பார்கள். பையில் அச்சடித்த ஹலால் முத்திரையைக் காட்டினால் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களோ வெள்ளிக்கிழமை கடை வாசலையே மிதிக்கமாட்டார்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருந்தது. பையை விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, "இது எப்ப செத்தது தம்பி?" என்று கேட்பார்கள்.

பையில் காலாவதித் திகதி இருந்தது. செத்த திகதி எந்தக் கோழிக்கும் போட்டிருக்கவில்லை. நல்ல சுத்தமான கோழி என்று சொல்லுவேன். ஸரீனா என்ற ஆசிரியை ஒருநாள் பையைத் திரும்ப வைத்துவிட்டு, "சுத்தம் சரி மகன். உயிரோட கண்டாத்தான் எங்களுக்கு நம்பிக்கை" என்றார்.

இவர்கள் நம்புகிற பொருள் எப்படியிருக்கும் என்று பார்க்கப் பேசாலைக் கரைக்குப் போனேன். நீங்கள் போயிருப்பீர்கள், ஆனால் என் கண்ணால் பார்த்திருக்கமாட்டீர்கள். மணலில் குடல், குடலில் ஈ, ஈயைத் துரத்துகிற அதே கையால் பிள்ளைக்குப் பணிஸ் பிய்த்துக் கொடுக்கிற தாய். முழங்கை வரைக்கும் செதில். இரத்தமும் கடல்நீரும் கலந்து என் சப்பாத்துக்குள் போயிற்று. வானுக்குத் திரும்பி வந்து சத்தி எடுத்தேன். இப்படிப்பட்டவர்கள்தான் என் வெள்ளைத் தரையில் நின்று என் கோழியைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

பிறகு தலைமையகத்திலிருந்து செய்தி வந்தது. நேரில் வந்து பார்ப்பார்கள். வியாபாரம் தேறினால் வடக்கில் இன்னும் கடைகள், எல்லாவற்றுக்கும் பொறுப்பாக நான். தேறாவிட்டால் மூடுவார்கள். மூடினால் நான் அப்பாவின் வயலுக்குள் இறங்க வேண்டும். சேறும் எனக்கு ஒத்துவராது.

அந்தக் கிழமைதான் பஸ்ரியன் காணாமற் போனார். பேசாலைக்காரர், தனியாகக் கடல் தொழிலுக்குப் போனவர். படகு கவிழ்ந்தபடி கிடைத்தது, ஆள் இல்லை. எங்கள் காசாளர் மேரிசெல்வியும் அதே ஊர். மறுநாள் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் பருப்பு மட்டும் இருந்தது. மீன் இல்லையா என்று சும்மா கேட்டேன்.

"பஸ்ரியன் அண்ணைய இன்னும் காணேல்ல சேர். ஆள் கிடைக்கும்மட்டும் ஊரில ஒருத்தரும் மீன் தின்னமாட்டினம்."

"ஏன்?"

"கடலுக்குள்ள கிடக்கிற ஆளை மீன் கடிச்சிருக்கும்தானே. எப்பிடித் தின்னுறது?"

அந்த ஊரின் மனதோடு என் மனது ஒத்துப்போனது அப்போதுதான். அருவருப்பு என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் கோழி பறந்தது. பேசாலையில் தொடங்கி பள்ளிமுனை, தலைமன்னார் என்று தீவு முழுக்க மீனை விட்டது. மார்க்கட்டில் மீன் விற்கிறவர்கள் இலையான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் கடையில் வரிசை கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே நின்றது. எப்போது செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை நீண்ட மின்வெட்டு. பழைய உறைபெட்டி ஒன்றிலிருந்த கோழி பழுதாகிவிட்டது. ஆட்கள் பார்க்கும்படி அதைக் கொட்ட முடியாது. ஞாயிறு காலை நானே வானில் ஏற்றிக்கொண்டு நடுக்குடாவுக்கு அப்பால், காற்றாலைகள் நிற்கிற கரைக்குப் போனேன். சாரதி மில்ரன் பூசைக்குப் போயிருந்தான். ஞாயிறென்றால் தொழில் இல்லை. கரையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. ஊர் முழுக்கக் கோயிலில் பஸ்ரியனுக்காக மன்றாடிக்கொண்டிருந்தது.

பஸ்ரியன் அங்கே கரையில் கிடந்தார்.

மதில்களில் ஒட்டியிருந்த படத்தால் முகம் தெரியும். இடுப்பில் ஒரு வெறும் எண்ணெய்க் கலனைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். தோல் உரிந்து, உதடு வெடித்து, கண்ணோரத்தில் ஈ. நாலைந்து நாய்கள் சுற்றி நின்றன, கிட்டப் போகவில்லை. நான் கொண்டுபோன கோழியை அவற்றுக்குக் கொட்டினேன். அவரை அப்படியே விட்டுவிட்டு வர என் மனம் இடம் தரவில்லை. இதை நீங்கள் வாக்குமூலத்தில் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். முன் சீற்றில் ஏற்றினால் அந்த வெடுக்கு ஒரு மாதத்துக்குப் போகாது. ஆகவே பின்னால், கோழி வருகிற குளிர்ப்பெட்டிக்குள் ஏற்றினேன். கதவைச் சாத்திவிட்டுக் கை கழுவினேன்.

ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டினேன். பேசாலையைக் கடந்தபோது ஒலிபெருக்கியில் சுவாமியாரின் குரல் கேட்டது. காணாமற் போனவரைக் காட்டித் தரும்படி அந்தோனியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வானை நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கடையின் பச்சைப் பலகை தெரியும். கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ஆள் கிடைத்துவிட்டார் என்றால் ஊர் திரும்பவும் மீன் தின்னும். தலைமையகத்திலிருந்து வர இன்னும் சில நாள்தான் இருந்தது. எஞ்சினை நிறுத்தவில்லை, நிறுத்தினால் பின்னால் குளிர் போய்விடும். பூசை முடிந்து பேசாலையிலிருந்து முதல் பஸ் வந்தது. இறங்கிய சனம் உமல் பைகளோடு நேரே என் கடைக்குள் போயிற்று. நான் வானைத் திருப்பிக் கடையின் பின்பக்கம் கொண்டுபோனேன்.

பிள்ளைகள் சாப்பிடுகிற நேரத்தில் அவரைப் பொலித்தீனால் இரண்டு சுற்றுச் சுற்றிக் குளிரறையின் கடைசியில் வைத்தேன். முன்னால் கோழிப் பெட்டிகளை அடுக்கினேன். அதன் பிறகு குளிரறைப் பூட்டின் திறப்பு என் இடுப்பில்தான் இருந்தது. மேரிசெல்வி கேட்டபோது, "நானே எடுத்துத் தாறன், நீர் கவுண்டரைப் பாரும்" என்றேன். முதலாளித்தனம் இல்லாத சேர் என்று எல்லோரும் சொன்னார்கள்.

தேநீரைத் தள்ளி வைக்கிறீர்கள். நீங்கள் பயப்படத் தேவையில்லை. உங்கள் மனைவியும் எங்கள் வாடிக்கையாளர், எனக்கு முகம் தெரியும். கோழியில் ஒரு சொட்டும் படவில்லை. சுகாதார விஷயத்தில் நான் எப்போதும் கண்டிப்பானவன்.

செவ்வாய்க்கிழமை பஸ்ரியனின் மனைவி கலாராணி கடைக்கு வந்தார். மகள் லக்சிகாவும் கூட வந்தாள், ஏழெட்டு வயதிருக்கும். அழுது வீங்கிய முகம், வாராத தலை, பழைய வியர்வை மணம். நான் ஒரு அடி தள்ளித்தான் நின்றேன்.

"பிள்ளை மீன் எண்ட சொல்லைக் கேட்டாலே ஓங்காளிக்குது தம்பி. கொஞ்சம் கோழி தாங்கோ" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டு, "இந்தக் குளிருக்குள்ள எப்பிடி நிக்கிறியள்? எங்கட இவர் குளிர் தாங்கமாட்டார். மார்கழியில கடலுக்குப் போகேக்க ரெண்டு பெனியன் போடுவார்" என்றார்.

பூசைக்குச் சொல்லியாயிற்றா என்று விசாரித்தேன்.

"முகத்தைக் காணாமல் நான் செத்தவருக்குப் பூசை குடுக்கமாட்டன். அவர் வருவார்" என்றார்.

குளிரறைக்குள் போய் நல்ல பெரிய கோழியாகப் பார்த்து எடுத்து வந்தேன். காசு வாங்கவில்லை. அந்தச் சின்னப் பிள்ளை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போயிற்று. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தலைமையகத்து ஆட்கள் வியாழக்கிழமை வந்தார்கள். வரிசையைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். பண்பாட்டுத் தடையை எப்படித் தாண்டினீர்கள் என்று கேட்டார்கள். மக்களின் மனதைப் படித்தேன் என்றேன். வவுனியாவில் அடுத்த கடைக்கு இடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவரைத் தொடர்ந்து வைத்திருக்க எனக்கு விருப்பம் இல்லை. நான் அப்படிப்பட்டவன் அல்ல. அடுத்த ஞாயிறு, திரும்பவும் பூசை நேரத்தில், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். பொலித்தீனைக் கழற்றி, எண்ணெய்க் கலனை மறக்காமல் திரும்பக் கட்டிவிட்டேன். பின்னேரம் ஊரார் கண்டெடுத்தார்கள். கலாராணிக்கு அவர் கேட்ட முகம் கிடைத்தது. கடல் திருப்பித் தந்திருந்தால் அந்த முகம் அப்படி இருந்திருக்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பிரேத பரிசோதனையைத்தான் நான் யோசிக்கவில்லை. மன்னார் வெயிலில் பின்னேரம் வரைக்கும் கிடந்த உடம்பில், வெளியெல்லாம் இளகியிருக்க, நெஞ்சுக்குள் ஐஸ் இருந்ததாம். டொக்டர் கையை உள்ளே விட்டு எடுத்ததை நீங்கள் சொன்னபோது நான் என் கைகளைத் துடைத்துக்கொண்டேன். எப்படித்தான் அந்த வேலையைச் செய்கிறார்களோ தெரியவில்லை.

இப்போது நீங்களும் என் கடைக்கு வந்த சனத்தின் கேள்விக்குத்தான் வந்து நிற்கிறீர்கள். எப்போது செத்தார்? நுரையீரலில் கடல்நீர் இல்லை, விரல் முட்டிகள் உடைந்திருந்தன என்று டொக்டர் எழுதியிருக்கிறாராம். அவர் எழுதியது சரி. நான் உங்களிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கரையில் பிணம் கிடந்தது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

நான் குனிந்தபோது கண்ணைத் திறந்தார். "தண்ணி" என்றார். தூக்கியபோது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. குளிர்ப்பெட்டிக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நேரம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தார். முதல் பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் நின்றது. அந்த நேரத்தை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு வாய் தண்ணீராவது கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். இருந்திருந்தால் கொடுக்காமல் விடுவேனா, ஐயா? கலனில் கிடந்த தண்ணீர் என் கை கழுவ மட்டும்தான் போதுமாக இருந்தது.