அண்ணனின் பத்தியம்

வீட்டில் எனக்குக் கடைக்குட்டி என்று பேர். வயசு இருபத்தைந்து. இப்போது அண்ணன் வீட்டுச் சமையலறையில் நிற்கிறேன். கை ஈரமாக இருப்பதால் போனில் வாயால் சொல்லியே இதை எழுதுகிறேன், அக்கா. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அண்ணனுடைய கேன்சர் கட்டி, சர்க்கரையைத் தின்று வளர்கிற வகையாம். அதன் வாயைக் கட்டத்தான் புது மாத்திரை. மாவோ இனிப்போ உள்ளே போனால் மாத்திரை தோற்றுவிடும் என்றார் டாக்டர்.

"சமையல் யாரு?"

"தம்பிதான். இவன் சமையலைச் சாப்பிட்டே உயிரோட இருக்கேன் டாக்டர், கேன்சர் என்ன பண்ணிடும்?" என்றான் அண்ணன்.

டாக்டர் சிரித்தார். "அப்ப பாதி வைத்தியம் தம்பி கையில."

முதலில் ஒழுங்காகத்தான் சமைத்தேன். கட்டி சுருங்கியது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்புறம்தான் அம்மா போனில் பேச்சுவாக்கில் சொன்னாள். "அப்பா போற வரைக்கும் உன்னையே கேட்டாருடா. பெரியவன்தான், நீ வேலையா இருக்க, கூப்பிடாதீங்கன்னுட்டான்."

அப்பா போன அன்று நான் வேலையாக இல்லை. பக்கத்து அறையில் அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு வந்து, "தூக்கத்திலேயே போயிட்டாருடா" என்று தோளைத் தட்டினான்.

நான் சண்டை போடவில்லை. நோயாளியிடம் என்ன சண்டை. சூப்பில் சோள மாவு கரைத்தேன், அவ்வளவுதான். நாக்குக்குத் தெரியாது. பசியில் கிடந்தவன் வழித்துக் குடித்தான். பார்க்க நிறைவாக இருந்தது.

ரத்தத்தில் சர்க்கரை பார்த்து டாக்டருக்கு அனுப்புவதும் நான்தான். ரத்தம் என்றாலே அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். குத்துவது அவன் விரலில், கருவியில் வைப்பது என் ரத்தம். அளவு சரியாக வரவேண்டுமே என்று சோறு, ரொட்டி, இனிப்பு எல்லாவற்றையும் விட்டேன். அவன் பத்தியம் நான் இருந்தேன். எந்தத் தம்பி இருப்பான்?

இன்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கட்டி பழையபடி வளர்ந்துவிட்டதாம், இனி கொடுக்க வேறு மருந்து இல்லையாம். அண்ணன் என் தலையைத் தடவினான். "நீ என்னடா பண்ணுவ. உன்னால ஆனதெல்லாம் பண்ணிட்ட."

நான் அவனைப் போல இல்லை, அக்கா. எதையும் மறைக்கவில்லை. உன்னிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

அவன் சாயங்காலத்திலிருந்து உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறான். தயவுசெய்து நீ கூப்பிடாதே. அக்கா வேலையாக இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன்.