பதினோராவது ஃபைல்

ஃபைலில் கோக்கும் காகிதத்துக்கு ஓரம் அளக்காமல் ஓட்டை போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று காகிதமெல்லாம் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் எங்கள் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளியில் அந்தக் கனத்த பஞ்சிங் மிஷினை யார் கையிலும் கொடுக்காமல் நானே வைத்திருந்தேன். இரண்டு கிலோ இருக்கும். உங்கள் மேஜைமேல் பையில் போட்டு வைத்திருப்பது அதுதான்.

பள்ளி என் அக்கா வீட்டுக்காரருடையது. பாடம் ஆசிரியர்கள் பாடு, அலுவலகம் என் பாடு. அங்கீகாரக் குழு என்று ஒன்று உண்டு. அதிலிருந்து இரண்டு பேர் வந்து மூன்று நாள் உட்கார்ந்து, வகுப்பைப் பார்த்து, ஆசிரியர்களிடம் தனித்தனியாகப் பேசி, ஃபைல்களைப் புரட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் தலையசைத்தால்தான் வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கு விசா. போன முறை குறை சொல்லி ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தார்கள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் கதவை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அக்கா அந்த ஒரு வருஷமும் சரியாகச் சாப்பிடவில்லை.

குழு கேட்பது மூன்று வருஷத்துக்கான பதினோரு ஃபைல். ஆசிரியர் கூட்டக் குறிப்பு, மாணவர் வருகை, புகார்கள், இப்படி. எங்களிடம் ஒன்றும் கிடையாது. ஒரு வாரம் உட்கார்ந்து மூன்று வருஷத்தையும் நானே எழுதினேன். நடக்காத கூட்டத்தில் யார் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்து, பேனாவை மாற்றி மாற்றி எழுதினேன். கதை எழுதுகிறவர்களுக்கு மாலை போடுகிறார்கள், எனக்கு ஒரு டீகூட வரவில்லை.

டீ வரவில்லையே தவிர, சாப்பாடு வரும். மூத்த ஆசிரியையை நாங்கள் எல்லோரும் பெரியக்கா என்போம். நான் சாப்பிட மறந்தால் தன் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளுவார். நல்ல மனுஷி. குழு வந்த முதல் நாள் மாலை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"நான் வராத மீட்டிங்ல நான் பேசினதா என்னென்னமோ எழுதியிருக்கியே, தம்பி. நாளைக்குப் பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன்."

"பள்ளிக்கூடமே போயிடும், அக்கா."

"போகட்டும். ஒழுங்கா நடத்திக் காட்டி மறுபடி வாங்குவோம். நானும் கூட இருக்கேன்ல."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை. கூட இருக்கேன் என்று சொன்னபோது கஷ்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டேன். பதினோராவது ஃபைல், விபத்துப் பதிவேடு. கட்டடத்துக்குள் யாருக்கு அடிபட்டாலும் தேதி, நேரம், இடம், எடுத்த நடவடிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு ஃபைல்கள் குழுவின் அறைக்குப் போய்விடும், பிறகு கைக்குக் கிடைக்காது. அதனால் முன்னாலேயே எழுதிவிட்டேன். காலை பத்து நாற்பது, பின்பக்கப் படிக்கட்டு, மூத்த ஆசிரியை வழுக்கி விழுந்தார், தலையில் அடி, முதலுதவி அளிக்கப்பட்டது, உயிர் பிரிந்தது. ஓரம் அளந்து ஓட்டை போட்டுக் கோத்தேன். வரிசைப்படி அந்த ஃபைலுக்கு அவர்கள் மூன்றாம் நாள்தான் வர வேண்டும்.

பத்தரைக்குமேல், ஒரு கையெழுத்து வேண்டும் என்று பெரியக்காவைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். மேல்படியில் நின்று பையில் கண்ணாடியைத் தேடினார். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். பன்னிரண்டு படி. திருப்பத்தில் சுவரில் மோதி நின்றார். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

"வழுக்கிடுச்சு தம்பி, கையைக் குடு" என்றார்.

இறங்கிப் போய்க் கை கொடுத்தேன். உயிர் பிரிந்தது என்று எழுதியாகிவிட்டது, அவரோ பேசிக்கொண்டிருந்தார். கையெழுத்துக்கான காகிதத்தோடு கொண்டுவந்திருந்த பஞ்சிங் மிஷினால் நெற்றிப்பொட்டில் அடித்தேன். முதல் அடியில் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். முகத்தைத் திருப்பியதால் இரண்டாவது வாயில் பட்டது. தெறித்த பல் என் சட்டைப் பையில் விழுந்தது, அதையும் உங்களிடம் கொடுத்துவிட்டேன். நான்காவதில் பிடி விட்டது. முதலுதவி என்றும் எழுதியிருந்ததால் கைக்குட்டையை மடித்துக் காயத்தின்மேல் வைத்தேன்.

குழுவில் வந்த அம்மாவுக்கு ஃபைல்களைக் கடைசியிலிருந்து படிக்கும் பழக்கமாம். அது எனக்கு எப்படித் தெரியும்? பதிவேட்டை விரித்துப் பிடித்தபடி படியிறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார், திரும்ப ஏட்டைப் பார்த்தார்.

"இதை எப்போ எழுதினீங்க?" என்றார்.

நீங்களும் நேற்றிலிருந்து அதையேதான் கேட்கிறீர்கள். காலை எட்டு இருபதுக்கு எழுதினேன். பெரியக்காவைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். நேரம் இரண்டு நிமிஷம் பிந்தியது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதிவேட்டில் பொய் எழுதினேன் என்று மட்டும் போடாதீர்கள். பதினோரு ஃபைலிலும் எழுதியது எழுதியபடி நடந்தது அந்த ஒரு பக்கம்தான்.