பொண்ணு வீட்டு டிக்ஷ்னரி

“பொண்ணு வீடு காலியா வருது.”

வாடிப்பட்டி பஸ்ஸில் என் முன்சீட்டுப் பையன், மடியில் லேப்டாப்போடு, பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னான். அடுத்த வாரம் இருவருக்கும் கல்யாணமாம்.

“கல்யாணத்துக்கு வர்றேன்னவுகள பைத்தான் புரோகிராம்ல ஒரே வரில, பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடுன்னு ரெண்டு டிக்ஷ்னரியா, அதான் ரெண்டு பட்டியலாப் பிரிச்சேன். மாப்பிள்ளை வீட்ல அம்புட்டுப் பேரும் வந்துருச்சு. இதுல எங்கயோ தப்பு.”

“உன் புரோகிராம் சரிதான் பாண்டி. எங்க வீட்ல ஒருத்தரும் வர்றேன்னு சொல்லல. தாய்மாமன் மாலை போடக்கூட ஆளில்ல.”

பஸ் பரவையைத் தாண்டியது. பிறகு அவன் ஏதோ தட்டினான்.

“என்ன பண்ற?”

“எங்க சித்தப்பாவ உன் பக்கம் மாத்துறேன். தாய்மாமன் மாலைய நானே போடட்டுமான்னு நேத்து அவராத்தான் கேட்டாரு.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப உங்க சித்தியவும் இந்தப் பக்கம் போடு. அவுகள விட்டுட்டு எங்க மாமா எங்கயும் வரமாட்டாரு.”