என் தம்பி நோமிகோஸின் பற்களை அறிந்திருந்த மருத்துவருக்கு

பண்பாளரே! பல்வலியோடு வந்தவரைப் புன்னகையோடு அனுப்பிய பெருந்தகையே! கடற்பஞ்சு எடுக்கும் படகுக்காரர்களின் வாய்க்குள் நாற்பத்தாறு ஆண்டுகள் பார்த்தும், அங்கே கேட்ட ஒரு சொல்லையும் வெளியே விடாத மருத்துவர் தெமேலிஸ் ஹல்கிட்டிஸ் அவர்களே!

டார்பன் ஸ்பிரிங்ஸ் ஊரில் குடியேறிய கிரேக்கச் சபையாரும் தங்கள் மருத்துவமனை ஊழியர்களும் சேர்ந்து, தங்கள் ஓய்வு விருந்தில் வாசித்தளிக்க இந்த மடலை எழுதினோம். விருந்து ஞாயிற்றுக்கிழமை. தாங்கள் அதற்கு முந்தைய புதன்கிழமை இதயம் நின்று போய்விட்டீர்கள். ஆகவே அதே சபை மண்டபத்தில், தங்கள் நாற்பதாம் நாள் நினைவு உணவுக்குக் கூடியிருக்கும் இவர்கள் முன்னே இதைச் சில வரிகள் மாற்றி வாசிக்கிறோம்.

துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டே நாற்காலிகளோடு 1978இல் தொடங்கினீர்கள். உப்பில் கை காய்த்துப்போன மாலுமிகளும், மாவுக் கையோடு வந்த ரொட்டிக்கடைக்காரர்களும், பள்ளிக்குப் போகாமல் தப்பிக்க வலி என்று சொன்ன பிள்ளைகளும் தங்களுக்கு ஒன்றே. முப்பத்தோரு ஆண்டுகள் தங்கள் முன்னறையில் இருந்த கலியோப்பி சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அழுவுற புள்ளைய சமாளிச்சுடலாம். அழுவுற கேப்டனைத்தான் சமாளிக்க முடியாது. டாக்டர் அந்தாளு கையைப் பிடிச்சுக்கிட்டு, காத்து எப்படி, கடல் எப்படின்னு கேட்டுக்கிட்டே பல்லை எடுத்துடுவாரு. அவன் பதில் சொல்லி முடிக்கும்போது பல்லு தட்டுல கிடக்கும்."

இதுவரை எழுதியது ஊழியர்களுக்காக. இனி வருவது நான் சொல்ல வேண்டியது. ஆகவே 'தாங்கள்' என்பதை இங்கே நிறுத்துகிறேன், தெமேலி.

பதினாறு வயதில், திருக்காட்சித் திருநாளன்று, பேராயர் நீரில் எறிந்த சிலுவையை முதலில் எடுக்க நாம் இருவரும் பாய்ந்தோம். உன் முழங்கை பட்டு என் முன்பல் போயிற்று. சிலுவை வேறொருவனுக்குக் கிடைத்தது. "கவலைப்படாதடா சகெல்லாரி, நான் படிச்சு டாக்டராகி வந்து கட்டிவிடுறேன். அதுவரைக்கும் சிரிக்காம இரு, உனக்கு அது வழக்கம்தானே" என்றாய். பதினொரு ஆண்டுகள் கழித்து, உன் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்.

எங்களுடையது மூன்று தலைமுறையாகப் படகு வைத்திருந்த குடும்பம். அந்தப் பெயரில் கறை படக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். 1986 செப்டம்பரில் என் தம்பி நோமிகோஸ், கஞ்சா மூட்டைகள் ஏற்றிய ஒரு படகில் போனான். வளைகுடாவில் அது எரிந்தது. கரைக்குக் கொண்டுவந்த உடலில் முகம் இல்லை. காவல்துறை உன்னிடம் பல்லை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. அன்று காலை உன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

"அது நோமிகோஸ் இல்லேன்னு எழுதிக் கொடு. அவன் கிரேக்கத்துல நம்ம தீவுக்குத் திரும்பிப் போயிட்டான்னு ஊர்ல சொல்லியாச்சு."

"கீழ்வரிசைல ரெண்டு கடைவாய்ப் பல்லு நான் அடைச்சது, சகெல்லாரி. என் கைவேலை எனக்குத் தெரியாதா?"

"எங்க வீட்டு மானம் உனக்குப் பெருசில்லையா?"

"உன் கூடப் பொறந்தவனைப் பேரில்லாத குழியில போடச் சொல்றியே, அதுவா மானம்? அப்புறம் நினைவு நாள்ல உங்கம்மா யாரு பேருக்குக் கோதுமை அவிச்சுக் கோயிலுக்குக் கொண்டு வருவாங்க?"

இனி நீ எனக்கு யாருமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நீ உண்மையை எழுதினாய். செய்தித்தாளில் எங்கள் குடும்பப் பெயர் வந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள் நான் உன்னிடம் பேசவில்லை.

எங்கள் வீட்டார் எவரும் உன்னிடம் பல் காட்டக்கூடாது என்று கட்டளையிட்டேன். என் தாயார் செவஸ்தி மட்டும் கேட்கவில்லை. "நீ டாம்பாவுக்குப் போயி எவன்கிட்டயாவது வாயைத் திற. எம் புள்ளைய எங்கிட்ட ஒப்படைச்சது இவன்தான். எம் பல்லையும் இவனே பாக்கட்டும்" என்றார்.

ஆனால் ஒரு காரியத்தில் நான் அவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆன்மாக்களின் சனிக்கிழமையில் ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க, பாதிரியார் அவற்றை உரக்க வாசிப்பார். எங்கள் வீட்டுத் தாளை மூத்தவனாகிய நான் எழுதினேன். நோமிகோஸின் பெயரை எழுதவில்லை. ஹல்கிட்டிஸ் குடும்பத்துப் பெயர்களுக்கு நடுவே "நோமிகோஸ்" என்று கேட்கும்போது அம்மா சிலுவை வரைந்துகொள்வார். அவருக்கு வயதாகிவிட்டது, யார் வீட்டுப் பெயர் என்று தெரியவில்லை என நினைத்தேன். உங்கள் பெரியப்பா யாராவது இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் சபைத் தலைவனாகி, அந்தத் தாள்கள் என் கைக்கு வந்தன. உன் கையெழுத்தில், உன் குடும்பத்துப் பெயர்களுக்குக் கீழே இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன: நோமிகோஸ், செவஸ்தி. நான் தள்ளிவைத்த தம்பியை நீ உன் வீட்டு இறந்தவர்களோடு வைத்துக் காத்து வந்தாய். அதற்குள் இறந்துபோயிருந்த அம்மாவின் பெயர் எங்கள் தாளில் இருந்தும், மகன் தனியே நிற்கக்கூடாது என்று அவரையும் அருகே சேர்த்திருந்தாய். தாளை மடித்துப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்போதும் உன் கதவைத் தட்டவில்லை.

உன் ஓய்வுச் செய்தி வந்ததும் மடலை நானே எழுதுகிறேன் என்றேன். ஊரறிய முறித்ததை ஊரறியச் சரிசெய்வதே முறை என்று நினைத்தேன். நான் எழுதியதைக் கலியோப்பி படித்துவிட்டு, "ஐயா, இப்பவே ஒரு போன் போட்டுடுங்க. விருந்து வரைக்கும் எதுக்கு?" என்றார். மேடையில்தான் சொல்வேன், அதுவரை மடலில் இருப்பதை மருத்துவரிடம் மூச்சுவிடக்கூடாது என்று உத்தரவிட்டேன். அவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே இதில் ஒரு வரியும் தெரியாமலே நீ போனாய்.

இப்படிப்பட்ட மடலைச் சட்டமிட்டு வழங்குவது வழக்கம். உன் மனைவி எவ்தோகியா மறுத்துவிட்டார். "முப்பத்தெட்டு வருஷம் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லாத ஆளு, இப்பக் கண்ணாடி போட்டு என் சுவத்துல தொங்க வர்றீங்களா? ஆணி அடிக்க விடமாட்டேன். வேணும்னா வாசிங்க. தம்பி விஷயம் வந்ததும் முழுங்குனீங்கன்னா, நானே எழுந்து சொல்லிடுவேன்" என்றார். நான் விழுங்கவில்லை, அம்மையாரே.

மன்னிப்புக் கேட்கிறேன், தெமேலி. கேட்க வேண்டிய காது மண்ணுக்குள் இருக்கிறது. இங்கே இருப்பவர்கள் உனக்குப் பதிலாக என்னை மன்னிக்க வேண்டாம். அது அவர்கள் வேலையல்ல.

ஓய்வு பெறுபவருக்கு நீண்ட ஆயுள் வேண்டி முடிப்பார்கள். அதற்கு நாங்கள் பிந்திவிட்டோம். உன் மனைவிக்கும் மக்களுக்கும் ஆயுள் கூடட்டும். உன் நினைவு அழியாதிருக்கட்டும்.

இங்ஙனம்,
கலியோப்பியும் மருத்துவமனை ஊழியர்களும்,
சபையார் அனைவரும்,
சகெல்லாரிஸ் கரவோகிரிஸ்,
நோமிகோஸின் அண்ணன்.