மேட்டின் மேல் அடிக்காத டார்ச்

ஓடுகிறோம். இருட்டு. முழங்கால் வரை சேறு. மழை முகத்தில் அறைகிறது. என் கையில் டார்ச் இருக்கிறது. அது எரியவில்லை. எரியாது. அதன் பேட்டரி ஒன்று என் சட்டைப் பையில் கிடக்கிறது. நானே கழற்றிப் போட்டது.

பின்னால் மரம் முறிகிற சத்தம். தகரம் மடங்குகிற சத்தம். பிறகு நீண்ட உறுமல். எவரோ கத்துகிறார்கள்.

"ரோட்டுப் பக்கம் ஓடு! ஆத்துப் பக்கம் போவாத!"

ரோட்டுப் பக்கம் ஓடினேன். பிழைத்தேன்.

1975, நவம்பர். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். மாலை ஏழு மணி தாண்டியிருந்தது. அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியர். தொழிலாளர்களின் வரிசை வீடுகள்தான் லயம். அதன் கடைசி வீட்டில் நானும் என் மனைவி சரோஜாவும் குடியிருந்தோம். பலகைச் சுவர். தகரக் கூரை. பக்கத்து வீடு லோரி ஓட்டும் மணியத்துடையது. அவன் மனைவி லெட்சுமி. மகள் வசந்தி, என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தாள். வீடுகளுக்குப் பின்னால் தேயிலை நட்ட செங்குத்தான மேடு.

அப்போது காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். பட்டாளமும் இருந்தது. சில இரவுகளில் தூரத்தில் வெடிச் சத்தம் கேட்கும். எங்கள் லயத்தில் ஒரு குண்டும் விழுந்ததில்லை. பயம் மட்டும் தினமும் வந்தது. இருட்டில் வெளிச்சம் தெரிந்தால் சுட்டுவிடுவார்கள் என்று பேசிக்கொண்டோம். அப்படி ஓர் உத்தரவை எவரும் போடவில்லை. விசாரித்துத் தெரிந்துகொள்ள என்னால் முடியும். விசாரிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். சத்தம் கேட்டால் விளக்கை அணை. கட்டிலுக்கு அடியில் படு. சார் சொல்லும் வரை எழுந்திருக்காதே. வகுப்பில் மேசைக்கு அடியில் படுக்கவைத்துப் பழக்கினேன். வசந்திதான் எப்போதும் முதலில் படுப்பாள்.

அந்தப் பயத்தில்தான் டார்ச் வாங்கப் போனேன். பிரிஞ்சாங் டவுனில் ஒரு சீனர் கடை. தவுக்கே, கடை முதலாளி, இரண்டு டார்ச்சை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளி நிறம், ஐந்து பேட்டரி. கடை வாசலில் நின்று அடித்தால் பனிமூட்டத்தைத் தாண்டி எதிர்ச் சரிவு தெரிந்தது. மற்றது கறுப்பு ரப்பர் உறை போட்டது. மூன்று பேட்டரி, சின்ன பல்பு.

"அது வெளிச்சம் பாகுஸ். பேட்டரி சீக்கிரம் ஹாபிஸ் லா," என்றார். வெளிச்சம் நல்லது, ஆனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். "இது வெளிச்சம் கொஞ்சம். விடிய விடிய எரியும்."

சரோஜாவுக்கு வெள்ளிதான் பிடித்தது.

"மலை வரைக்கும் தெரியுதுங்க. அதையே வாங்குங்க."

"அவசரத்துக்கு அழகு எதுக்கு? ரொம்ப நேரம் எரியணும்."

"நீங்க எங்க எரிய விடப்போறீங்க? சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுக் கும்பிடுவீங்க."

தவுக்கேயும் சிரித்தார்.

சின்ன பல்பு மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும். அது எனக்குத் தெரியும். கறுப்பை வாங்கினேன். அந்தக் கணக்கு சரிதான். மலை ஈரத்தில் பேட்டரி உள்ளேயே கிடந்தால் பொங்கிவிடும் என்று தனியாக பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். எவரையும் தொட விடவில்லை. கொல்லைப்புறம் போக சரோஜா மெழுகுவத்திதான் எடுத்துப் போவாள்.

அந்த மாலை. மழை நிற்கவே இல்லை. கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி எரிகிறது. பின்பக்கம் ஒரு சத்தம். 'தும்.' ஒரே தடவை. பலகைச் சுவர் அதிர்கிறது.

சுவருக்கு அப்பாலிருந்து மணியம் கேட்கிறான்.

"வாத்தியாரே, என்னா சத்தம்?"

"குண்டு! விளக்க அணைங்க! கட்டிலுக்கு அடியில போங்க!"

மெழுகுவத்தியை ஊதினேன். பலகைக்கு அப்பால் ஒரு சின்னக் குரல்.

"அணைச்சாச்சு சார்."

டின் மூடி திறக்கிற சத்தம். டக். டக். டக். சரோஜா பேட்டரி போடுகிறாள். கையிலிருந்து பிடுங்கினேன்.

"அடிக்காத! சுட்டுருவாங்க!"

"கல்லு உருளுதுங்க. தகரத்துல விழுது, கேக்கலியா? ஒரே ஒரு தடவ மேட்டுல அடிச்சுப் பாத்துருவோம்."

கேட்டது. மழைக்குள் வேறொரு சத்தம். முறத்தில் அரிசி கொட்டுவது போல. கேட்கவில்லை என்று சொன்னேன். டார்ச்சின் மூடியைத் திருகி ஒரு பேட்டரியை எடுத்துப் பையில் போட்டேன். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்று தெரியாது. கதவு திறந்தது. ஈரக் காற்று வந்தது. சரோஜா சுவரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனாள். பிறகு அவள் குரல்.

"மேடு வருது! எல்லாரும் ஓடுங்க! ஓடுங்க!"

லயம் முழுக்கக் கேட்டது. பிழைத்தவர்கள் எல்லாரும் அந்தக் குரலைக் கேட்டு ஓடியவர்கள். நானும்தான்.

மணியம் வெளியே வந்துவிட்டான். லெட்சுமி பிள்ளையை இழுக்கக் குனிந்திருக்கிறாள். வசந்தி கட்டில் காலை விடவில்லையாம். "சார் இன்னும் சொல்லல" என்று அழுதாளாம். மணியம் பிறகு சொன்னான்.

ரோட்டில் நின்று பேட்டரியை உள்ளே போடுகிறேன். தலைகீழாகப் போட்டுவிட்டேன். எடுத்து மறுபடியும் போட்டேன். எரிந்தது. எங்கள் இரண்டு வீடும் அங்கே இல்லை. மணியம் டார்ச்சைப் பறித்துக்கொண்டு ஓடினான். லயத்து ஆட்கள் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். அந்தச் சின்ன வெளிச்சம் போதுமானதாக இருந்தது. மேட்டில் மண் பிளந்துகொண்ட இடம்கூட அதில் தெரிந்தது. நான் அடிக்க விடாத இடம்.

விடிந்ததும் மணியம் வந்தான். உடம்பெல்லாம் சேறு. டார்ச்சை நீட்டினான்.

"இன்னும் எரியுது வாத்தியாரே. அணைச்சு வைங்க."

பேட்டரியை நான் கழற்றியது அவனுக்குத் தெரியாது. எண்பதுகளில் தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூர் பக்கம் போனான். அங்கேயே இறந்தான். அதுவரை எத்தனையோ முறை சந்தித்தோம். நான் சொல்லவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த மாலை காட்டில் ஒரு வெடியும் வெடிக்கவில்லை. நாங்கள் கேட்டது மேட்டிலிருந்து பெயர்ந்த பாறை.

இழந்தவர்கள்: சரோஜா, என் மனைவி, வயது இருபத்தொன்பது. லெட்சுமி, மணியத்தின் மனைவி. வசந்தி, அவர்கள் மகள், என் மாணவி, வயது ஏழு. இழந்தவை: வீடு இரண்டு. மணியத்தின் கோழிகள். எத்தனை என்று அவன் சொல்லவில்லை.

இழக்காதது: ஒரு டார்ச். அதில் பேட்டரி மூன்று.