கொட்டாயில் புகை காட்டிய விஸ்கி

ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்கு முன்னால் ஒரு நாள், குளுவாங்கில் ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே இரண்டு பேர். ஒருவர் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாச் சமையல்காரர், இன்னொருவர் கிளப்பில் கிளாஸில் மது ஊற்றிக் கொடுப்பவர்.

"தொரையோட ஸ்காட்ச்சக் கைதவறிக் கொட்டிட்டேன், தம்பி. இன்னொண்ணு வாங்க எனக்கு வக்கில்ல. அதே பாட்டில்ல அமெரிக்கா விஸ்கிய ஊத்திட்டேன். சீனங்கடையில பாதி வெலைதான்."

"அது சோளத்துல காய்ச்சுறதுண்ணே, கருப்பட்டியா இனிக்கும். ஸ்காட்ச்னா புகை மணக்கணும்."

"தெரிஞ்சுதான், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற கொட்டாயில ரெண்டு நாள் தொறந்து வச்சேன்."

"அலமாக்! அந்த நாத்தத்துலயா?"

"கொஞ்சம் கொண்டாந்திருக்கேன். நீயே ருசி பாரு."

மருந்துக் குப்பியைத் திறந்தார். கிளப்காரர் நாக்கில் ஒரு சொட்டு வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

"தொரை தெனம் அந்தக் கொட்டாய்க்குப் போறவராச்சேண்ணே. கண்டுபிடிக்க மாட்டாரா?"

"அவரு சோடா கலந்து குடிப்பாரு. இன்னைக்குச் சாயங்காலம் வர்ற விருந்தாளி ஸ்காட்லாந்துக்காரராம். தண்ணிகூட கலக்க மாட்டாராம்."

"மாட்டிக்கிட்டா?"

"தோட்டத்துல குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. அஞ்சு புள்ளைங்க, தம்பி."

கூலாயில் வண்டி நின்றது. சமையல்காரர் எழுந்தார். கிளப்காரர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். கீழே நின்றவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ரொம்பவா வாடை அடிக்குது?"

அப்போதுதான், நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.