ஒன்பதிலிருந்து ரெண்டு வரைக்கும்

இல்லை தம்பி, புதுசு வாங்கவே வேண்டாம். இதுக்கு என்ன குறைச்சல். உள்ள பாருங்க, தூசிதான் கம்பளி மாதிரி படிஞ்சு கிடக்கு, மெஷின் நல்லாத்தான் இருக்கு. மெதுவா ஓடுதுன்னதும் அதோட ஆயுசே முடிஞ்சதுன்னு எல்லாரும் முடிவு கட்டிடறாங்க. அந்த பிரஷ்ஷை இப்படிக் குடுங்க. ஸ்க்ரூவை மட்டும் டப்பா மூடியில போட்டு வைங்க, உருண்டு ஓடிடும்.

ஏன் நிக்கறீங்க, உட்காருங்க. நாற்காலி மேல கிடக்கற துணியைக் கீழ தள்ளிவிடுங்க. இல்லை இல்லை, ஜன்னலோரம் இருக்கே அது வேண்டாம், இதுல உட்காருங்க. தனிக்கட்டை வீடு, இப்படித்தான் இருக்கும். எட்டு மாசமாச்சு அவ போயி.

ஃபோர்மேன் சொல்லித்தானே வந்தீங்க. தெரியும். பம்ப் ஹவுஸ்ல எவன் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணாலும் என் தலையிலதான் கட்டுவார். நான் ஒண்ணும் இதைப் படிச்சவன் இல்லை, பார்த்துக்கங்க. ராத்திரி முழுக்க நாலு மோட்டாரைக் காவல் காக்கறவன். தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும், மோட்டார் ஒரே சுருதியில ஓடிக்கிட்டே இருக்கும், எனக்குக் கை சும்மா இருக்காது. ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட பெட்டி ஒண்ணைத் தூக்கிட்டு வந்து, பிரிச்சு மாட்டி, பிரிச்சு மாட்டிக் கத்துக்கிட்டதுதான். நம்ம ஒட்டடைக்கம்பு இருக்கானே, அந்த நெட்டை ஃபிட்டர், அவன் என்ன சொல்லுவான் தெரியுமா, அண்ணன் திறக்கற வரைக்கும் அந்த மெஷின் நல்லாத்தான் இருந்துச்சும்பான். கொழுப்பு.

சரி, உங்க வீட்ல இப்ப எப்படி இருக்காங்க. வலது கை சுத்தமா வரலையா. இடது? ம். பேச்சு எப்படி. உங்களுக்குப் புரியுது, மத்தவங்களுக்குப் புரியலை. அந்தக் கட்டம்தான், எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரி தையல் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். இருபது மடிப்புத் துணியை ஒரே ஓட்டத்துல வெட்டுவா, ஒரு நூல் பிசகாது. ஒரு நாள் கத்தரிக்கோல் கையிலருந்து நழுவுச்சு. மறுநாளும் நழுவுச்சு. மூணாம் நாள் அவளே அதை மேஜை மேல வெச்சுட்டு, என்கிட்டகூடச் சொல்லாம, நேரா டாக்டர்கிட்ட போயிட்டா. அப்படிப்பட்ட ஆளு. தனக்கு ஒண்ணுன்னா வாயைத் திறக்க மாட்டா. பெரிய டாக்டர் எங்களுக்குச் சொன்னதும் உங்களுக்குச் சொன்னதும் ஒண்ணாத்தான் இருக்கும். அதை விடுங்க.

நான் சொல்ல வர்றது என்னன்னா, இன்னும் ஆறு மாசமோ ஒரு வருஷமோ, அதுக்கப்புறம் உங்க வீட்ல உங்களைக் கூப்பிடணும்னா இந்தப் பெட்டி வழியாத்தான் கூப்பிடணும். வேற வழி இருக்காது. அதனால படம் பார்க்கற மெஷின்னு நினைச்சு இதுல கை வைக்காதீங்க. இது அவங்க தொண்டை.

ம், இப்ப ஆன் பண்ணுங்க. பாருங்க, பட்டனைத் தட்டினதும் பதினேழு புரோகிராம் நானும் வர்றேன் நானும் வர்றேன்னு கூடவே எந்திரிச்சு நிக்குது. இவ்வளவும் எதுக்கு. பிரிண்டருக்கு ஒண்ணு, ஆனா உங்ககிட்ட பிரிண்டரே இல்லை. வானிலை சொல்ல ஒண்ணு, ஜன்னலைத் திறந்தா தெரிஞ்சுடப் போவுது. இது என்னது, கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணி வேகமாக்கறேன்னு ஒண்ணு. யாரு போட்டது. மச்சானா. நல்ல மனுஷன்தான், ஆனா மெஷினை இழுத்துப் பிடிக்கறதே இதுதான்னு அவர்கிட்ட சொல்லுங்க. தூக்கிடறேன். திருட்டுக் காப்பி சாஃப்ட்வேரும் ஒண்ணுகூட வேண்டாம். என்னிக்காவது ஒரு நாள் அது பூட்டிக்கிட்டு நிக்கும், அன்னிக்கு உங்க வீட்ல வாயைப் பொத்தின மாதிரி ஆயிடும். நல்ல மனசுக்காரங்க எழுதி சும்மாவே குடுக்கறது எவ்வளவோ இருக்கு. தேடத் தெரியணும், அவ்வளவுதான்.

அம்புக்குறியைப் பெரிசாக்கியாச்சு. ரெண்டு தட்டு தட்டணும்ங்கறதை ஒரே தட்டா மாத்தியாச்சு. இப்ப இந்தக் கீபோர்டு. விரல் எடுக்க முடியாம ஒரு எழுத்து மேலயே படுத்துக்கும், ஸ்க்ரீன் முழுக்க அதே எழுத்தா ஓடும், அழுகை வந்துடும் அவங்களுக்கு. அதுக்கு இங்க ஒரு இடம் இருக்கு, அழுத்தினது நின்னு நிதானமாப் பதியட்டும்னு சொல்லிவைக்கலாம். உள்ளேயே இருக்கறதுதான், யாரும் போய்ப் பார்க்கறதில்லை. நானும் அவளுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அவ கையிலருந்து ஒவ்வொண்ணாப் போகப் போக, நான் இதுக்குள்ள ஒவ்வொண்ணாத் தேடிக் கண்டுபிடிப்பேன். ஒரு கணக்குல போட்டிதான். எப்பவும் வியாதிதான் ஒரு எட்டு முன்னாடி போகும்.

குரலா. அதைக் கேட்காதீங்க. தமிழ் படிக்கற குரல் எனக்கு அப்போ ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது, அதுவும் ஆம்பளைக் குரல். ஜலதோஷம் பிடிச்ச ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி இருக்கும். மாட்டிக் குடுத்துட்டு, ஏதாச்சும் பேசுன்னு பக்கத்துல உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கினா. என்ன சொல்லப் போறாளோன்னு நான் ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு இருக்கேன். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சொல்றான், சட்டையை மாத்துங்க, நாறுது. சிரிச்சோம் பாருங்க, அவளுக்கு இருமல் வந்து நான் முதுகைத் தடவிக்கிட்டே சிரிக்கிறேன். இப்ப பொம்பளைக் குரலே ரெண்டு மூணு வந்திருக்கு. உங்க வீட்லயே தேர்ந்தெடுக்கட்டும். நீங்க எடுக்காதீங்க.

பக்கத்துல இருக்கற அந்தப் பையைப் பிரிங்க. ஆமா, இதுதான். பழைய மவுஸ். இதோட இடது பட்டனுக்குக் கீழ ரெண்டு கால் இருக்கு பாருங்க, அதுல ரெண்டு ஒயரைப் பத்தவெச்சு வெளியில கொண்டுவந்து, இந்தப் பெரிய சிவப்புப் பட்டன்ல சேர்த்திருக்கேன். கன்னத்தால தட்டலாம், முழங்கையால தட்டலாம், கடைசியில கால் கட்டைவிரலால தட்டினா அவ. ஸ்க்ரீன்ல எழுத்து வரிசை வரிசையா மின்னிக்கிட்டே வரும், வேண்டிய இடத்துல வந்ததும் ஒரு தட்டு. அவ்வளவுதான் வித்தை. ஒவ்வொரு வரிசைக்கும் டிக் டிக்னு ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டுத்தான் தாளம் பிடிப்பாங்க.

மேல மூலையில மணிப் படம் தெரியுதா. அதுல தட்டினா கூப்பிடறது. அவங்ககிட்ட ஒரு ஸ்பீக்கர் இருக்கும், இன்னொண்ணை நீங்க படுக்கற ரூம்ல தலைமாட்டுல வைக்கணும். அவங்க பக்கம் படம் சிவப்பா மின்னும், உங்க பக்கம் மணி அடிக்கும். எத்தனை மணிக்குத் தட்டினாங்கன்னு ஒரு சின்ன ஃபைல்ல எழுதியும் வெச்சுக்கும்.

என்ன கேட்டீங்க.

ஆமா, அந்த டிக் டிக்கும் உங்க ஸ்பீக்கர்லயும் கேட்கும். மணி கேட்கற இடத்துல எல்லாம்தான் கேட்கும்.

ஓ, நீங்களும் ராத்திரி ஷிஃப்டுக்கு மாத்தி வாங்கிட்டீங்களா. எப்போலருந்து. ஒண்ணாம் தேதி. பகல்ல அவங்களைப் பார்த்துக்கலாம்னு. நானும் அதைச் சொல்லித்தான் ராத்திரியிலேயே இருந்தேன். பகல்ல நீங்க தூங்கறப்ப மட்டும் சத்தத்தை நிறுத்திவைக்க வழி இருக்கான்னு கேட்கறீங்க.

இருக்கு தம்பி. ரொம்பச் சுலபம். இதோ, இங்க போனா நேரம் குறிச்சுக் குடுக்கலாம், உங்க ரூம் ஸ்பீக்கர் மட்டும் தானா நின்னு தானா வரும். நான் வெச்சிருந்தேன். ஒன்பதிலிருந்து ரெண்டு வரைக்கும்.

ராத்திரி அவளுக்குத் துணையாப் பக்கத்து வீட்டு அக்கா படுத்துக்கும், நான் ஏழு மணிக்கு வேலை முடிஞ்சு வருவேன். அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, அந்த ஜன்னலோர நாற்காலியில உட்காரவெச்சுட்டு ஒன்பதுக்குப் படுப்பேன். பன்னெண்டுக்கு அந்த அக்கா திரும்ப வந்து ஏதாச்சும் குடுத்துட்டு, ஒரு அரைமணி பேசிட்டுப் போகும். தலைமாட்டுல இந்த டிக் டிக். நடுவுல அப்டேட் வந்துச்சுன்னு ஒரு டிங். பைத்தியம் பிடிக்கும். அப்புறம் ஒரு நாள், அன்னிக்கு ஆள் வரலைன்னு ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துட்டு வந்திருந்தேன், படுத்துக் கண்ணு சொருகற நேரம் மணி. ஓடிப் போனா, தலையணை ஒரு பக்கமா நழுவியிருக்கு. இதுக்கா எழுப்பினன்னு கேட்டுட்டேன். கத்தலை, சாதாரணமாத்தான் கேட்டேன். தலையணையை நேராக்கிட்டுப் போய்ப் படுத்துட்டேன்.

அந்த வாரம்தான் நேரம் குறிச்சு வெச்சேன். ஆனா மணியை நிறுத்தலை, பார்த்துக்கங்க. மணி புரோகிராம்ல ஒரு கட்டம் இருக்கு, சத்தம் நிறுத்தியிருந்தாலும் மணி மட்டும் அடிக்கும்னு எழுதியிருக்கும். அதுல டிக் போட்டேன். அந்த டிக்கை நம்பினேன். சாயங்காலம் அவளைத் தட்டச் சொல்லிப் பார்த்தேன், கணீர்னு அடிச்சுது. மறுநாளும் பார்த்தேன், அடிச்சுது. ஆனா பாருங்க, ஒன்பதுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நான் தட்டச் சொல்லிப் பார்க்கவே இல்லை. அப்போ நான் தூக்கத்துல இல்ல இருக்கேன். இருபதடி தள்ளி நின்னு எந்த மோட்டார்ல பேரிங் தேயுதுன்னு சொல்லுவேன் நான்.

கட்டத்துல டிக் இருந்துச்சு. மணி அடிக்கலை. அவ்வளவுதான் விஷயம்.

அவளுக்கு எப்படித் தெரியும். அவ பக்கம் படம் சிவப்பா மின்னுது. சாயங்காலம் தட்டினா வர்றேன், பகல்ல தட்டினா வரலை. அவ என்ன நினைச்சிருப்பா.

எனக்கே போன ஞாயித்துக்கிழமைதான் தெரியும். ஃபோர்மேன் உங்க விஷயத்தைச் சொன்னாரா, அவளுக்குப் போட்டு வெச்சிருந்ததை அப்படியே உங்களுக்கு எடுத்துக் குடுத்துடலாம்னு அந்தப் பழைய மெஷினைத் திறந்தேன். இந்தச் சின்ன ஃபைலும் சேர்ந்து வந்துச்சு. முதல் நாள் ஒன்பது அம்பதுக்குத் தட்டியிருக்கா. அம்பத்திரெண்டுக்கு. அம்பத்தஞ்சுக்கு. பத்தேகாலுக்கு. மறுநாள் மூணு தடவை. அப்புறம் ரெண்டு. அப்புறம் ஒரு வாரம் தினம் ஒண்ணே ஒண்ணு, அதே ஒன்பது அம்பதுக்கு. அதுக்கப்புறம் அஞ்சு மாசம், அந்த நேரத்துல ஒண்ணுகூட இல்லை. சாயங்காலம் எல்லாம் இருக்கு. பகல் வெறுமையா இருக்கு.

எதுக்குத் தட்டியிருப்பான்னு தெரியலை. அதனால மறுநாள் படுக்காம ஒன்பது மணிக்கு அவ நாற்காலியில போய் உட்கார்ந்தேன். கையைக் காலை அசைக்காம. ஒன்பதே முக்காலைத் தாண்டினதும் எதிர் மாடிக்கு மேல வெயில் ஏறி நேரா முகத்துல விழுந்துச்சு. இடது கன்னத்துல. கண்ணைத் திறக்க முடியலை. பதினொண்ணரை வரைக்கும் அடிச்சுது. அக்கா வர்ற நேரத்துக்குப் போயிடுது.

அவளுக்கு இடது கன்னம் மட்டும் கறுத்துப்போயிருந்துச்சு. மருந்துச் சூடுன்னு நினைச்சு நான் தினம் கிரீம் தடவிவிடுவேன்.

திரையை இழுத்துவிட்டுப் படுங்கன்னு சாயங்காலம் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதலை. அவ அப்படித்தான்.

விடுங்க தம்பி. டீயைக் குடிங்க, ஆறுது. இந்த நேரம் குறிக்கற இடத்தையே நான் எடுத்துடறேன், உங்க மச்சான் வந்து தேடினாலும் கிடைக்கக் கூடாது. டிக் டிக் கேட்டுக்கிட்டேதான் தூங்கப் பழகணும் நீங்க. பழகிடும். ஒண்ணாம் தேதி முடிஞ்சு உங்க முதல் பகல் தூக்கத்தன்னிக்கு நான் வர்றேன். நீங்க கதவைச் சாத்திட்டுப் படுங்க, நான் அவங்க பக்கத்துல உட்கார்ந்து தட்டச் சொல்றேன். நீங்க எந்திரிச்சு வந்து நின்னாத்தான் நான் கிளம்புவேன்.

அப்போல்லாம் ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அவகிட்ட போவேன். ஒரு வரி தயாரா எழுதி வெச்சிருப்பா, என்னைப் பார்த்ததும் பட்டனைத் தட்டுவா, ஸ்டேஷன் மாஸ்டர் படிப்பான். நல்லாத் தூங்குனீங்களான்னு. தினமும் அதேதான். நானும் அவ பக்கத்துல உட்கார்ந்து, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேம்மா, இந்த மெஷினைச் சரி பண்ணதுலருந்து ஒரு தொந்தரவும் இல்லைன்னு சொல்லுவேன்.